தொழில் என்ற கட்டம்

ஐந்து வாரமாக மாஸ்டர் வீட்டுக் காலண்டரில் சிவப்பு வட்டத்துக்குள் உட்கார்ந்திருந்த செவ்வாய்க்கிழமை ஒருவழியாக வந்தேவிட்டது. வந்த பிறகு, இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தால் தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. பயம் வந்துவிட்டால் எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதலில் சந்திப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாஸ்டர் என்றால் பள்ளிக்கூட மாஸ்டர் இல்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். கை நடுங்கும் ஆட்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இன்னொரு பிரேக்கை நம்பி உயிர் வாழ்கிறவர். அவர் மனைவி ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் ஆயா. இருபத்தாறு வருடச் சர்வீஸ். வார்டில் எல்லோரும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

ஒரே மகள். ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பாள் என்று மாஸ்டரே வைத்த செல்லப் பெயர் மைனா. தானாக ஒருவனைப் பிடித்துப்போய்க் கல்யாணம் செய்துகொண்டு, கடல் கடந்து போனவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவளுடைய முதல் குழந்தை ஏழாம் மாதத்திலேயே போய்விட்டது. செய்தி வந்த அன்று, "அவளாத் தேடிக்கிட்டது, நாம என்ன பண்ண முடியும்?" என்றார் மாஸ்டர். ஆயாம்மா கையில் இருந்த ஃபோன் இன்னும் அணைக்கப்படவில்லை என்பது அவருக்குத் தெரியாது. அன்றோடு மைனா அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

இப்போது அவள் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. புருஷனுக்குக் கப்பலில் வேலை; கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்று டாக்டர் நாள் குறித்திருக்கிறார். "இந்தத் தடவையும் நீ பக்கத்துல இல்லைன்னா என்னால முடியாதும்மா" என்று அவள் ஃபோனில் விம்மியதோடுதான் போன வாரம் நிறுத்தியிருந்தோம்.

மகளிடம் போவதற்கு டூரிஸ்ட் விசா வேண்டும். விசாவுக்கு ஃபாரம், போட்டோ, மகள் எழுதிய அழைப்புக் கடிதம், போக வர டிக்கெட், எல்லாவற்றுக்கும் மேலாகத் திரும்பி வந்துவிடுவோம் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னதால் மாஸ்டரும் விண்ணப்பித்தார். "லெட்டர்ல வேணா அப்பா பேரைச் சேர்த்து எழுதறேன். வீட்டுக்கு நீ மட்டும் வா" என்று மைனா கறாராகச் சொல்லியிருந்தாள். வாசலில் போய் நின்றால் கதவைத் திறக்காமலா போய்விடுவாள் என்பது மாஸ்டரின் நப்பாசை.

"இன்னொரு தடவை சொல்லு. எதுக்குப் போறே?" என்றார் மாஸ்டர், ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடி.

"மகளைப் பார்க்க. ஊரைச் சுத்திப் பார்க்க."

"எத்தனை நாள்?"

"நாலு வாரம்."

"அங்க ஏதாவது வேலை பார்ப்பியா?"

"ஐயோ, அதெல்லாம் நான் எதுக்குங்க..."

"இழுக்காதே. மாட்டேன். அவ்வளவுதான். கேட்டதுக்கு மட்டும் பதில். கேக்காததைச் சொன்னா ஃபெயில்."

"நான் என்ன லைசென்ஸ் எடுக்கவா போறேன்?"

"எல்லாம் ஒண்ணுதான். எதிர்ல ஒரு ஆள் உட்கார்ந்துக்கிட்டு, நாம எங்க தப்பு பண்ணுவோம்னு பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

டெஸ்ட்டில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளைக் கிளிப்பிள்ளைக்குச் சொல்லித் தருவதுபோல் சொல்லித் தந்தே ஊரில் பாதிப் பேருக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவர் மாஸ்டர். அதே முறையில் விசாவுக்கும் பதினோரு கேள்விகளைத் திரட்டி வைத்துக்கொண்டு ஐந்து வாரமாக மனைவியை வறுத்தெடுத்தார். சாப்பிட உட்கார்ந்தால் கேள்வி, துணி காயப்போட்டால் கேள்வி. ஆயாம்மா தூக்கத்தில் புரண்டு படுத்துக்கொண்டே "நாலு வாரம்" என்று சொன்ன நாளும் உண்டு.

"பெரிய சிஸ்டர் குடுத்த லெட்டர் ஃபைல்ல இருக்கில்லங்க?" என்று கேட்டாள் ஆயாம்மா, வாசலைப் பூட்டும்போது.

"எல்லாம் இருக்கு. கெளம்பு, பஸ் போயிடும்."

எல்லாம் இருக்கவில்லை. அதை உங்களிடம் மறைப்பதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

ஐந்து வாரத்துக்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து ஃபாரம் நிரப்பினார்கள். இரண்டு பேர் என்றால் மாஸ்டரும் கடைக்காரரும். ஆயாம்மா டியூட்டியில் இருந்தாள். தொழில் என்ற கட்டம் வந்ததும் கடைக்காரர் கையை எடுத்துவிட்டார்.

"ஆயான்னு போட்டா, அங்க போய்ப் பிள்ளை பார்க்கிற வேலைக்கு நின்னுடுவாங்களோன்னு சந்தேகப்படுவாங்க மாஸ்டர். பேசாம இல்லத்தரசின்னு போட்டுடலாமா?"

"போட்டுடுங்க" என்றார் மாஸ்டர், மறுயோசனை இல்லாமல். ஆயாம்மாவிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அவ்வளவு சுலபமாக அந்த வார்த்தை வந்ததற்குக் கடைக்காரர் சொன்ன காரணம் பாதிதான். மீதிப் பாதியை மாஸ்டர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க என்று யாராவது கேட்டால், "ஆஸ்பத்திரியில இருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவசரமாகப் பேச்சை மாற்றுகிறவர் அவர். கேட்டவர்கள் நர்ஸ் என்று நினைத்துக்கொண்டால், நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார். ஆயா என்று வாய்விட்டுச் சொல்ல இருபத்தாறு வருடமாக அவருக்கு நாக்கு வரவில்லை.

அதற்கப்புறம் ஆயாம்மா வார்டின் தலைமை நர்ஸான பெரிய சிஸ்டரிடமிருந்து ஒரு கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்து, ஃபைலில் மேலாக வைத்தாள். அதிலிருந்த ஆஸ்பத்திரி முத்திரை மாஸ்டர் கண்ணில் பட்டது. ஃபாரத்தில் ஒன்று, கடிதத்தில் ஒன்றா? நேற்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, கடிதத்தைச் சத்தமில்லாமல் உருவி மேஜை டிராயரில் போட்டுவிட்டார்.

விசா ஆபீஸ் ஹாலில் நூறு பேராவது இருப்பார்கள், ஆனால் இருமல் சத்தம்கூடக் கேட்கவில்லை. எல்லோர் மடியிலும் ஒரு ஃபைல், எல்லோர் கண்ணும் கண்ணாடி ஜன்னல்களில். அங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துக்கொண்டால் விசா கிடைத்துவிட்டது. பாஸ்போர்ட்டை அப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டால் இல்லை. ஜன்னலை விட்டு நகர்கிறவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தார்கள்.

அவர்கள் டோக்கன் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பாவம், காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போயிருந்தார்.

மாஸ்டரை மூன்றே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். டிரைவிங் ஸ்கூல், எத்தனை வருடம், எப்போது திரும்ப வேலைக்குப் போக வேண்டும், முதலாளி கொடுத்த கடிதம் எங்கே. எல்லாம் பதினோரு கேள்விக்குள்ளேயே இருந்தன.

அடுத்து ஆயாம்மா. எதுக்குப் போறீங்க, எத்தனை நாள், யார் வீட்டில் தங்குவீங்க. சாவி கொடுத்த பொம்மைபோல் அளவாகப் பதில் சொன்னாள். மாஸ்டருக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. பத்துக் கேள்வி முடிந்தது. அதிகாரி மைனாவின் கடிதத்தை எடுத்துப் படித்தாள். முகம் கொஞ்சம் இளகியது. மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ சொன்னாள்.

"உங்க பொண்ணுக்கு இது முதல் குழந்தையான்னு மேடம் கேக்கறாங்க."

இது பதினொன்றில் இல்லை.

"ரெண்டாவதுங்க" என்றாள் ஆயாம்மா. "முதல் குழந்தை தங்கல."

மொழிபெயர்ப்பாளர் குரலைத் தாழ்த்தி அதைச் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"மேடத்துக்கு அவங்க அக்கா குழந்தையைத் தூக்கவே பயமாம். அவ்வளவு சின்னதா இருந்துதாம். உங்களுக்குப் பயம் இல்லையான்னு கேக்கறாங்க."

ஆயாம்மா சிரித்தாள். ஐந்து வாரத்தில் அவள் சிரித்து மாஸ்டர் அன்றைக்குத்தான் பார்த்தார். அவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தியது. அங்கே ஏது பிரேக்?

"பயமா? நல்லாக் கேட்டீங்க போங்க! இருபத்தாறு வருஷமா அதுதானே என் வேலை. பிரசவ வார்டுல ஆயாங்க நான். பொறந்த அஞ்சாவது நிமிஷம் குழந்தை என் கையிலதான் இருக்கும். குறை மாசக் குழந்தை, இத்தனூண்டு இருக்கும், அதைக்கூட என்கிட்டதான் குடுப்பாங்க. மேடம்கிட்ட சொல்லுங்க, கழுத்துக்குக் கீழ ஒரு கை இருந்தாப் போதும், பயமே வேணாம்னு."

மொழிபெயர்ப்பாளரும் சிரித்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். பாதியில் அதிகாரியின் சிரிப்பு நின்றது. அவள் ஃபாரத்தை முன்னால் இழுத்தாள். விரலால் ஒரு வரியைத் தொட்டாள்.

"ஃபாரத்துல வேலை எதுவும் இல்லை, இல்லத்தரசின்னு இருக்கே?"

"இல்லையே" என்றாள் ஆயாம்மா. "தப்பாப் பார்க்கறீங்க. பெரிய சிஸ்டர் லெட்டரே குடுத்திருக்காங்க. இந்தா, மேலதான் வெச்சேன்..."

ஃபைலைப் பிரித்தாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். மறுபடியும் முதலிலிருந்து புரட்டினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் பொறுமையாகக் காத்திருந்தார்கள். மூன்றாவது தடவையும் புரட்டினாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று மாஸ்டருக்குத் தெரிந்தது.

"எது உண்மைன்னு மேடம் கேக்கறாங்க. ஃபாரத்துல இருக்கறதா, நீங்க சொன்னதா?"

நான்தாங்க எழுதினேன், அவ மேல தப்பில்லை. ஒரே ஒரு வரி. மாஸ்டருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. பொய்த் தகவல் கொடுத்தால் சேர்ந்து போட்ட இரண்டு விண்ணப்பமும் ரத்து என்று வரிசையில் யாரோ பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. தனக்குக் கிடைக்கப்போவதும் போய்விடுமே என்று, சொன்னால் வெட்கக்கேடு, அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றியது. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

"நான் சொன்னதுதாங்க உண்மை" என்றாள் ஆயாம்மா. "நான் ஆயாதான்."

பத்து நிமிடம் கழித்து ஜன்னல் வழியாக ஒரு தாளும் ஒரு பாஸ்போர்ட்டும் வெளியே வந்தன. பாஸ்போர்ட் அவளுடையது.

மொழிபெயர்ப்பாளர் கண்ணைப் பார்க்காமல் பேசினார். "கொடுத்த தகவல் ஒண்ணுக்கொண்ணு பொருந்தலைங்கம்மா. திரும்பி வந்துடுவீங்கன்னு காட்ட ஆதாரமும் இல்லை. மறுபடியும் போடலாம். ஆனா அடுத்த தேதியே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் கிடைக்கும்." பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்குக் குடுத்திருக்காங்க. மனைவி இங்கயே இருக்கறதால நீங்க கண்டிப்பாத் திரும்பிடுவீங்கன்னு மேடம் எழுதியிருக்காங்க. வியாழக்கிழமை மூணு மணிக்கு வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கங்க."

இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஆயாம்மா பாஸ்போர்ட்டைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

"லெட்டர் எங்க?"

"டிராயர்ல."

"அந்தக் கட்டத்துல யாரு எழுதினது?"

"கடைக்காரர் சொன்னாரு, அதான் நானும்... உனக்குச் சுலபமாக் கிடைக்கட்டுமேன்னுதான்..."

"எனக்காகவா?" என்றாள் ஆயாம்மா. குரல் உயரவேயில்லை. "உங்களைக் கல்யாணம் பண்ணி வந்த நாளா பார்க்கறேன். உங்க ஸ்கூல் முதலாளி வீட்டு விசேஷத்துல என்னை என்னன்னு சொன்னீங்க? ஆஸ்பத்திரியில ஆபீஸ் வேலைன்னு. நான் கேட்டுக்கிட்டுத்தான் பக்கத்துல நின்னேன். போனாப் போகுது, ஆம்பளைக்குக் கூச்சமா இருக்கும்னு விட்டேன். இன்னிக்கு என் பொண்ணுகிட்ட நான் போக முடியாமப் பண்ணிட்டீங்களே!"



வந்த பஸ் வீட்டுக்குப் போகிற பஸ் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிறது. ஆயாம்மா அதில் ஏறினாள்.

"இன்னிக்கு லீவு போட்டிருக்கியே" என்றார் மாஸ்டர் கீழே நின்றபடி.

"வேலையே இல்லாதவளுக்கு எதுக்குங்க லீவு?" என்றாள். பஸ் நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. நேராக டிராயரை இழுத்துக் கடிதத்தை எடுத்தார். பல நாளாக வீட்டில் இருந்த கடிதம். உருவி எடுத்தாரே தவிர, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இதுவரை அவர் படித்துப் பார்க்கவில்லை.

'எங்கள் பிரசவ வார்டில் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் இவருக்கு, மகளின் பிரசவத்தை முன்னிட்டு நான்கு வாரம் மட்டும் விடுப்பு அளிக்கப்பட்டுள்ளது. பிறந்த குழந்தைகளைக் கையாள்வதில் இவருக்கு ஈடானவர் இங்கு வேறு யாரும் இல்லை. எனவே விடுப்பு முடிந்த மறுநாளே இவர் பணிக்குத் திரும்புவது எங்களுக்கு மிகவும் அவசியம்.'

கீழே சிஸ்டரின் கையெழுத்து, ஆஸ்பத்திரி முத்திரை.

திரும்பி வருவாள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தொழில் என்ற கட்டத்தில் ஆயா என்ற இரண்டெழுத்தை எழுதி, இந்தத் தாளை மேலே வைத்திருந்தால், இந்நேரம் அவள் பாஸ்போர்ட்டும் உள்ளே இருந்திருக்கும். ஜெராக்ஸ் கடைக்காரரைத் திட்டலாமா என்று மாஸ்டர் ஒரு கணம் யோசித்தார். திட்டி என்ன பிரயோசனம்? அந்த ஆள் ஒரு கேள்விதான் கேட்டார். போட்டுடுங்க என்று சொன்னது தன் வாய்தானே. மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். பார்க்க யாரும் இல்லாததால் வாய்விட்டே அழுதார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு முகம் கழுவிக்கொண்டு, கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் காலில் விழுவதா, என்ன சொல்வது, ஒன்றும் தீர்மானமில்லை. வீட்டில் தனியாக உட்கார முடியவில்லை, போனார்.

பிரசவ வார்டு மாடியில். எத்தனையோ நாள் வாசல் வரைக்கும் வந்து அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறாரே தவிர, படி ஏறியதில்லை. வராந்தா பெஞ்சில் யார் யாரோ சொந்தக்காரர்கள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். பெரிய சிஸ்டர்தான் முதலில் அவரைப் பார்த்தார்.

"வாங்க மாஸ்டர். என்ன ஆச்சு? ஆயாம்மா வந்ததுலேருந்து வாயே திறக்கல. லீவு வேணாம் சிஸ்டர்னு மட்டும் சொன்னாங்க. விசா கிடைக்கலையா?"

"இல்லை."

"என் லெட்டரைப் பார்த்துமா குடுக்கல? எவ்வளவு யோசிச்சு எழுதினேன்! அவங்க அதைப் படிச்சுக் காட்டச் சொல்லி ரெண்டு தடவை கேட்டாங்க தெரியுமா? கண்ணுல தண்ணி வந்துடுச்சு அவங்களுக்கு."

சட்டைப் பையில் இருந்த கடிதம் மாஸ்டருக்கு நெருப்பாய்ச் சுட்டது. ஏதோ முனகினார். சிஸ்டரை உள்ளே கூப்பிட்டார்கள், நல்ல வேளை.

கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. ஆயாம்மா வெளியே வந்தாள், கையில் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒரு குழந்தையோடு. பெஞ்சில் இருந்தவர்கள் அடித்துப் பிடித்து எழுந்தார்கள். "பொண்ணு. தாயும் நல்லா இருக்கா. யாரு அப்பா? வாங்க, கையைக் கழுவிட்டு வந்து பாருங்க" என்றாள். குரல் எப்போதும்போலத் தெளிவாக இருந்தது. அந்த இளைஞன் குழந்தையைப் பார்த்துவிட்டுத் தேம்பினான். அவனைத் தட்டிக்கொடுத்தாள். அவள் வேலை செய்வதை மாஸ்டர் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார். இதைச் சொல்லவா இத்தனை வருடம் கூசினோம் என்று அவருக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

குழந்தையை உள்ளே விட்டுவிட்டு அவள் மறுபடியும் வந்தாள். அவரிடமிருந்து இரண்டடி தள்ளி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் பையில் ஃபோன் அடித்தது. மைனா. அங்கே விடிந்திருக்கும். அம்மாவுக்கு விசா கிடைத்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே தூங்காமல் கிடந்திருப்பாள். ஆயாம்மா இரண்டு தடவை அடிக்க விட்டு எடுத்தாள். வராந்தா அமைதியில் மகளின் குரல் மாஸ்டருக்கும் நன்றாகக் கேட்டது.

"அம்மா! கிடைச்சுதா?"

"இல்லடா கண்ணு" என்றாள் ஆயாம்மா. "எனக்கு இல்லைன்னுட்டாங்க. அப்பாவுக்குத்தான் கிடைச்சிருக்கு."



"ஏம்மா? எதனால இல்லையாம்?"

ஆயாம்மா மாஸ்டரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொன்னாள். "என்னமோ... கம்ப்யூட்டர்ல ஏதோ பொருந்தலையாம். அவங்க ஆபீஸ் கோளாறு. யாரைச் சொல்லி என்ன?"

இத்தனைக்குப் பிறகும் தன்னைக் காட்டிக்கொடுக்காமல் மூடி மறைக்கிறாளே! ஏற்கெனவே அவரை வெறுக்கிற மகளிடம் இன்னொரு காரணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று பார்க்கிறாள். பேசாமல் இருந்துவிட்டால் போதும், யாருக்கும் தெரியப்போவதில்லை. காலையில் ஜன்னல் முன்னால் இருந்த மாதிரி.

மாஸ்டர் கையை நீட்டினார். ஆயாம்மா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் நீட்டிய கையை எடுக்கவில்லை. கடைசியில் அவள் ஃபோனைக் கொடுத்தாள்.

"மைனா" என்றார். இரண்டு வருடமாக அவளிடம் சொல்லாத பெயர். "அப்பா பேசறேன்மா. வெச்சுடாதே. ஒரு நிமிஷம்."

அவள் வைக்கவில்லை.

"ஆபீஸ் கோளாறு இல்லம்மா. நான்தான். ஃபாரத்துல உங்கம்மாவுக்கு வேலை இல்லைன்னு எழுதினது நான். ஆயான்னு எழுத எனக்கு வெட்கமா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில அவளுக்குக் குடுத்த லெட்டரை எடுத்து ஒளிச்சு வெச்சதும் நான்தான். அங்க உங்கம்மா உண்மையைச் சொன்னா. நான் பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன்." மூச்சு வாங்கியது. "அன்னிக்கு உன் குழந்தை போனப்ப நான் சொன்னதையும் நீ கேட்டே. அதுக்கும் இதுக்கும் சேர்த்து, உன்கிட்ட மன்னிப்புக் கேக்கற தகுதிகூட எனக்கு இல்லை. ஆனா உங்கம்மா பொய் சொல்லி என்னைக் காப்பாத்த வேண்டாம். அதை உன்கிட்ட சொல்லணும்னுதான்."

ஃபோனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அழுகிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பெஞ்சில் பக்கத்தில் யாரோ குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர் காதோடு ஃபோனை அழுத்திக்கொண்டு நின்றார்.

"அம்மாகிட்ட குடுங்க" என்றாள் மைனா.

கொடுத்தார். ஆயாம்மா எழுந்து ஜன்னல் ஓரமாகப் போனாள். அவள் "ம்" என்பதும், "எப்போ?" என்பதும், "பயப்படாதே கண்ணு, பயப்படாதே" என்பதும்தான் மாஸ்டர் காதில் விழுந்தன. ஃபோனை அணைத்தாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"நேத்து டாக்டர் பார்த்தாராம். குழந்தை அசைவு குறைஞ்சிருக்காம். மூணு வாரம் காத்திருக்க முடியாது, வர்ற திங்கட்கிழமையே ஆபரேஷன்னு சொல்லிட்டாராம். இதைச் சொல்லத்தான் கூப்பிட்டா."

 மாஸ்டர் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைப் பத்தி ஏதாவது..."

"வரச் சொல்லல" என்றாள் ஆயாம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வர வேண்டாம்னும் சொல்லல."

உள்ளே மணி அடித்தது. இன்னொரு பிரசவம். கதவைத் தள்ளப் போனவள் நின்றாள்.

"வியாழக்கிழமை மூணு மணிக்குப் போய் நில்லுங்க. டிக்கெட்டை மாத்தி அன்னிக்கே ஏதாவது பிளேன் கிடைக்குதான்னு பாருங்க. நான் உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க. என் பொண்ணு அங்க தனியாக் கெடக்கா. எனக்கு அனுப்பறதுக்கு வேற ஆள் இல்லை."

கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது. மாஸ்டர் வராந்தாவிலேயே நின்றார்.